மூட்டு மாற்றிய பின் வரும் நோ: மோர்பின் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

நல்லூரில் முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு நாளாந்தம் செய்யும் சின்னச் சின்ன வேலைகளே பெரும் பாடாகின்றன. கிணற்றடியில் குந்த முடிவதில்லை. பந்தியில் சம்மணமிட முடிவதில்லை. கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவத்தில் வெறுங்காலோடு வீதியில் நின்று சுவாமி சுற்றி வரும்வரை காத்திருக்க முடிவதில்லை. எண்ணெயும் ஒத்தடமும் குளிசையுமாகப் பல வருடங்களைக் கடத்திய பிறகே பலர் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சென்னையிலோ அது நடக்கிறது. சில நாட்களில் வோக்கரைப் பிடித்தபடி வீடு திரும்புகிறார்கள்.

சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. விடுதியில் நோவைப் பார்த்துக்கொண்டது தாதியர். வீட்டில் அது மகளின் பொறுப்பு, அல்லது தனித்திருக்கும் முதியவரின் சொந்தப் பொறுப்பு. இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. ஒரு சாரார், குளிசை கூடினால் கிட்னி போய்விடும் என்று பயந்து எதையுமே போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். காலை மடக்க மறுக்கிறார்கள். மூட்டு இறுகிவிடுகிறது. மறு சாரார், துண்டு இல்லாமலே பாமசியில் நோக்குளிசை வாங்கி, முன்பு கொடுத்த மருந்தோடு சேர்த்து மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். முதல் தவறு காலைக் கெடுக்கிறது. இரண்டாவது தவறு இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது.

மோர்பின் போன்ற அபின் வகை மருந்துகள் இல்லாமல், அல்லது மிகக் குறைவாகப் பயன்படுத்தி, மூட்டு மாற்றிய பின் வரும் நோவை எவ்வளவு தூரம் ஆளலாம் என்பதைக் கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் ஓரளவு தெளிவாக்கியிருக்கின்றன. அந்த விடைகளை எங்கள் ஊர் நிலைமையோடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோ எங்கிருந்து வருகிறது

மூட்டு மாற்றம் என்பது எலும்பை அறுத்துச் செய்யும் வேலை. 1962ஆம் ஆண்டு இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையில் ஜோன் சாண்லி இடுப்பு மூட்டுக்குச் செய்து காட்டிய முறையே இன்றைய சத்திரசிகிச்சைகளுக்கு அடிப்படை. முழங்காலில், தொடை எலும்பின் கீழ்முனையும் கணைக்கால் எலும்பின் மேல்முனையும் சீவப்பட்டு உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்தப்படுகின்றன. தோல், தசை, மூட்டுறை, எலும்பு எல்லாம் காயப்படுகின்றன.

காயப்பட்ட இழையங்கள் புறொஸ்ராகிளண்டின் என்னும் வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. அவை நரம்பு முனைகளைக் கூர்மையாக்குகின்றன. சாதாரணத் தொடுகைகூட நோவாகத் தெரிகிறது. இந்தச் செய்திகள் ஓயாமல் மேலே போனால் முள்ளந்தண்டு வடமும் மூளையும் தாமே கூர்மையடைந்துவிடுகின்றன. ஆகவே நோவை முற்ற விட்டுப் பிறகு அடக்குவதைவிட, முற்றாமல் பார்த்துக்கொள்வது எளிது.

வழமையாக முதல் இரண்டு மூன்று நாட்கள் நோ உச்சத்தில் இருக்கும். பிறகு படிப்படியாக இறங்கும். முழங்கால், இடுப்பைவிடக் கூடுதலாகவும் நீண்ட காலமும் நோகும். முழங்கால் மாற்றியவர்களுக்கு இரவு நித்திரை குழம்புவது பல வாரங்கள் நீடிக்கலாம். வீக்கமும் சூடும் சில மாதங்கள்வரை இருக்கலாம். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால், ஏதோ பிழைத்துவிட்டது என்ற பயம் பாதியாகக் குறையும்.

நோவே இல்லாத நிலை சிகிச்சையின் இலக்கு அல்ல. ஆழ மூச்செடுக்க, எழும்பி நடக்க, காலை மடக்கி நீட்ட, இரவில் சில மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கொள்ள நோ தடையாக இருக்கக்கூடாது. அதுதான் இலக்கு.

அபின் வகை மருந்துகள்: அமெரிக்காவின் பாடமும் எங்கள் நிலைமையும்

மோர்பின், பெத்திடின், கோடீன், ரமடோல், ஒக்சிகோடோன் ஆகியவை அபின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கடும் நோவை வேகமாகத் தணிப்பவை. ஆனால் முதியவர்களுக்கு அவை தரும் தொல்லைகள் பல: வாந்தி, மலச்சிக்கல், சலம் அடைபடுதல், தலைச்சுற்று, விழுதல், இரவில் ஆளை மாறிக் கதைக்கும் குழப்பம். புது முழங்காலோடு எழுபது வயதில் ஒருவர் தலைச்சுற்றி விழுந்தால், சத்திரசிகிச்சையின் முழுப் பயனும் ஒரு நொடியில் போய்விடும்.

அமெரிக்காவில் இவை மருந்துச்சீட்டில் தாராளமாக எழுதப்பட்டதன் விளைவு உலகறிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இடுப்போ முழங்காலோ மாற்றிய 574 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. அதற்குமுன் அபின் வகை மருந்தே பாவிக்காதவர்களில், முழங்கால் மாற்றியோரில் 8.2 சதவீதத்தினரும் இடுப்பு மாற்றியோரில் 4.3 சதவீதத்தினரும் ஆறு மாதம் கழித்தும் அதைப் பாவித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டு நோ குறைந்திருந்தும் மருந்து நிற்கவில்லை என்பதே அதில் கவலைக்குரிய செய்தி. 2019இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, 304 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, வீடு செல்லும்போது ஒரு பகுதியினருக்கு 30 ஒக்சிகோடோன் குளிசைகளும் மறு பகுதியினருக்கு 90 குளிசைகளும் கொடுத்தது. நோவில் வித்தியாசம் இல்லை. கூடுதலாகக் கொடுத்தவை வீட்டு அலுமாரிகளில் மிஞ்சிக் கிடந்தன.

எங்கள் நிலைமை வேறு. இலங்கையில் அபினும் மோர்பினும் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டவை. ஒக்சிகோடோனைப் பை நிறைய வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் இங்கு இல்லை. ஆகவே அமெரிக்காவின் பயத்தை அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை. தெல்லிப்பழையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு மோர்பின் பெரும் கருணை. அதன் பெயரைக் கெடுத்து அவர்களுக்குக் கிடைப்பதைத் தடுத்தால் அது பாவம். மூட்டு மாற்றிய முதல் ஓரிரு நாட்களில், வேறெதற்கும் அடங்காத நோவுக்குச் சிறு அளவு மோர்பின் கொடுப்பதிலும் தவறில்லை. அது துணைக்கு நிற்க வேண்டும், முன்னுக்கு நிற்கக்கூடாது. முன்னுக்கு நிற்க வேண்டியவை எவை என்பதை இனிப் பார்ப்போம்.

பரசிற்றமோல்: மதிக்கப்படாத அடித்தளம்

1993இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்றிக் கெலற், யோர்கன் டால் என்னும் இரு வைத்தியர்கள், சத்திரசிகிச்சைக்குப் பின்னான நோவை ஒரே மருந்தால் அடக்க முயலாமல், வெவ்வேறு இடங்களில் வேலை செய்யும் பல மருந்துகளைச் சிறிய அளவில் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். இன்று உலகம் முழுவதும் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில் பின்பற்றப்படும் கொள்கை அதுவே. அதன் முதற்படி பரசிற்றமோல்.

எங்கள் வீடுகளில் பனடோல் என்றால் காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் போடுவது. எலும்பை அறுத்த நோவுக்கு அது எந்த மூலைக்கு என்று நினைக்கிறோம். நோ வந்தபோது இரண்டு, பிறகு மறந்துபோய் ஒன்றுமில்லை, மறுநாள் மீண்டும் இரண்டு என்று போட்டால் அது உண்மையிலேயே உதவாது. நேரம் தவறாமல் போட்டால்தான் அதன் பலன் தெரியும். ஈரல் நோய் இல்லாத, 50 கிலோவுக்கு மேற்பட்ட நிறையுள்ள வளர்ந்தவருக்கு வழமையான அளவு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. நாளொன்றுக்கு எட்டுக் குளிசை, அதாவது 4 கிராம், தாண்டக்கூடாத எல்லை. மெலிந்த உடம்பினர், ஈரல் நோயாளர், மதுப்பழக்கம் உள்ளவர்கள், சரியாகச் சாப்பிடாமல் கிடப்பவர்கள் ஆகியோருக்கு இதைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதை வைத்தியர் சொல்வார்.

கவனிக்க வேண்டியது, அதே மருந்து வேறு பெயரில் வருவது. தடிமன் குளிசைகளிலும், கோடீன் கலந்த நோக்குளிசைகளிலும் பரசிற்றமோல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் எல்லை தெரியாமலே தாண்டப்படும். ஈரல் பாதிப்பு முதல் நாளில் வெளியே தெரியாது என்பதே அதன் ஆபத்து.

ஐபுப்ரூபன் குடும்பம்: பெரிய பலன், பெரிய கணக்கு

ஐபுப்ரூபன், டைக்குளோபினாக், நப்ரொக்சன், செலெகொக்சிப் ஆகியவை புறொஸ்ராகிளண்டின் சுரப்பதையே தடுப்பவை. அஸ்பிரின் இவ்வாறுதான் வேலை செய்கிறது என்று 1971இல் ஜோன் வேன் காட்டினார். அதற்காக 1982இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அறுத்த இடத்தில் நோவைக் கிளப்பும் பொருளே குறைவதால், மூட்டு மாற்றிய பின் இந்தக் குடும்பத்தின் பலன் பெரிது.

எவ்வளவு பெரிது என்பதற்கு டென்மார்க்கிலிருந்து நல்ல சான்று உண்டு. இடுப்பு மாற்றிய 556 பேரில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், முதல் 24 மணித்தியாலத்தில் பரசிற்றமோல் மட்டும் பெற்றவர்களுக்கு நடுவளவாக 36 மில்லிகிராம் மோர்பின் தேவைப்பட்டது. ஐபுப்ரூபன் மட்டும் பெற்றவர்களுக்கு 26. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 20. எங்கள் ஊர்ப் பாமசி எதிலும் கிடைக்கும் இரண்டு மலிவான குளிசைகள் சேர்ந்து செய்த வேலை இது.

ஆனால் இந்தக் குடும்பத்தைப் பரசிற்றமோலைப் போல எல்லோருக்கும் கொடுக்க முடியாது. புறொஸ்ராகிளண்டின் நோவை மட்டும் உண்டாக்கும் பொருள் அல்ல. இரைப்பையின் சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்குப் போகும் குருதியோட்டத்தைப் பேணுவதும் அதன் வேலையே. அதை நிறுத்தும்போது இரைப்பையில் புண் வரலாம், குருதி கசியலாம், சிறுநீரகம் தளரலாம், குருதி அமுக்கம் ஏறலாம், கால் வீங்கலாம். ஆஸ்துமா உள்ள சிலருக்கு முட்டுக் கூடும். மாரடைப்பு வந்தவர்களுக்கும் இதய வலுவிழப்பு உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம். இரைப்பைக்கு மென்மையானது என்று கொண்டாடப்பட்ட றொபெகொக்சிப் என்னும் மருந்து, மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால் 2004 செப்டெம்பரில் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

மூட்டு மாற்றும் வயதில் இருப்பவர்களிடம் நீரிழிவும் பிறஷரும் இருப்பது எங்களிடையே மிகச் சாதாரணம். பிறஷருக்கு எனலாப்ரில் அல்லது லொசாட்டன் போடுகிறார்கள். கூடவே சலம் போவதற்கான குளிசையும் சிலருக்கு இருக்கும். இவற்றோடு டைக்குளோபினாக் மூன்றாவதாகச் சேரும்போது சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்புக் கூடுகிறது. இன்னொரு பழக்கமும் இதை மோசமாக்குகிறது. மலசலகூடத்துக்கு நடப்பது வேதனையாக இருப்பதால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். பழைய வீடுகளில் மலசலகூடம் வளவின் கோடியில் இருக்கும். எங்கள் வெயிலில் தண்ணீரையும் குறைத்து இந்தக் குளிசையையும் போடுவது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கொமோட் கதிரை வைத்துத் தாராளமாகத் தண்ணீர் குடிக்கச் செய்வதும் நோச் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மூட்டு மாற்றிய பின் குருதி உறையாமல் இருக்க எனொக்ஸபாரின் ஊசி, றிவறொக்ஸபான், அஸ்பிரின் ஆகியவற்றில் ஒன்று கொடுப்பார்கள். அதோடு இந்த நோக்குளிசை சேர்ந்தால் குருதி கசியும் ஆபத்து ஏறும். ஆகவே, கொடுக்கும் வைத்தியர் இரண்டையும் தெரிந்தே கொடுக்க வேண்டும். ஒமெப்ரசோல் போன்ற இரைப்பைக் காப்பு மருந்தும் கூடவே வேண்டும்.

டைக்குளோபினாக் எங்கள் வைத்தியசாலைகளில் குளிசையாகவும், பின்வழி வைக்கும் மருந்தாகவும், ஊசியாகவும் வருகிறது. வடிவம் மாறினாலும் மருந்து ஒன்றே. எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பின்வழி வைப்பதால் இரைப்பைக்கு ஒன்றும் வராது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. குருதியில் கலந்த பிறகு அது எந்த வழியால் வந்தது என்பது இரைப்பைக்கு முக்கியமில்லை.

சத்திரசிகிச்சைக்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிறியற்றினின் அளவைப் பார்த்து, இதயத்தையும் இரைப்பையையும் விசாரித்து, பொருத்தமானவர்களுக்குக் குறுகிய காலத்துக்கு, முடிவுத் திகதியோடு எழுதிக் கொடுத்தால் இந்தக் குடும்பம் பெரும் துணை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இது வேண்டாம். அவருக்குப் பரசிற்றமோலும் கீழே சொல்லப்படும் முறைகளுமே வழி.

சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் செய்யக்கூடியவை

வீட்டில் எவ்வளவு நோகும் என்பதில் ஒரு பங்கு, மயக்கமருந்து நிபுணரும் சத்திரசிகிச்சை நிபுணரும் கூடத்துக்குள் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது.

முதலாவது, முள்ளந்தண்டில் ஊசி ஏற்றி இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்வது. 1898இல் ஜேர்மனியில் ஒகஸ்ற் பியர் தொடக்கிய இந்த முறை இன்றும் இடுப்பு, முழங்கால் மாற்றங்களில் முதல் தெரிவு. ஊசி நாரியைக் கெடுத்துவிடும், பிறகு காலத்துக்கும் நாரிநோ என்ற பயம் எங்கள் பெண்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோகலாம். ஆயுள் முழுக்க வரும் நாரிநோவுக்கு அந்த ஊசியே காரணம் என்பதை ஆய்வுகள் காட்டவில்லை.

இரண்டாவது, மூட்டைச் சுற்றியே மரக்கச் செய்யும் மருந்தை ஏற்றுவது. சிட்னியைச் சேர்ந்த டெனிஸ் கேர், லோறன்ஸ் கோகன் ஆகியோர் 325 நோயாளிகளிடம் செய்த அனுபவத்தை 2008இல் வெளியிட்டார்கள். காயத்தை மூடுமுன் மூட்டுறை, தசை, தோலடி எங்கும் மருந்துக் கலவையைச் செலுத்தினார்கள். பலர் அன்றே எழுந்து நடந்தார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. வேண்டியது பியூபிவக்கேன் அல்லது றோப்பிவக்கேன், ஊசி, கூடத்துக்குள் சில நிமிடங்கள்.

மூன்றாவது, நரம்பை மட்டும் மரக்கச் செய்வது. முன்பு தொடையின் பெருநரம்பை மரக்கச் செய்தார்கள். நோ நன்றாகக் குறைந்தது. ஆனால் தொடைத்தசையும் சேர்ந்து தளர்ந்ததால் நோயாளி எழும்பும்போது கால் மடங்கி விழும் ஆபத்து இருந்தது. இப்போது தொடையின் நடுப்பகுதியில், உணர்ச்சி நரம்புகள் செல்லும் கால்வாயில் அல்ட்ராசவுண்ட் பார்த்து மருந்து ஏற்றுகிறார்கள். நோவும் குறைகிறது, தசையின் பலமும் பெரும்பாலும் நிற்கிறது.

நான்காவது, டெக்ஸமெதசோன். கொரோனாக் காலத்தில் எல்லோருக்கும் பெயர் தெரியவந்த மலிவான மருந்து. முழங்கால் மாற்றிய 485 பேரில் டென்மார்க்கில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், 24 மில்லிகிராம் ஊசி இரண்டு தடவை பெற்றவர்களுக்கு முதல் 48 மணித்தியாலத்தில் மோர்பின் தேவை குறைந்தது. 2024இல் வெளிவந்த இன்னொரு டென்மார்க் ஆய்வு, இடுப்பு மாற்றிய 1060 பேரில் பரசிற்றமோல், ஐபுப்ரூபன், டெக்ஸமெதசோன் மூன்றையும் வெவ்வேறு விதமாகச் சேர்த்துப் பார்த்தது. மூன்றும் சேர்ந்தபோதே மோர்பின் தேவை மிகக் குறைவாக இருந்தது. வாந்தியையும் டெக்ஸமெதசோன் தடுக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீனியை ஏற்றும் என்பதால் அவர்களுக்கு அளவு யோசித்துக் கொடுக்கப்பட வேண்டும், அடுத்த நாட்களில் சீனி கூடுதலாகப் பார்க்கப்பட வேண்டும்.

நம்பிக்கை தந்து தளர்ந்தவை, இனி வரவிருப்பவை

கபாபென்ரின், பிரெகபலின் இரண்டும் வலிப்புக்கும் நரம்பு நோவுக்குமான மருந்துகள். ஒரு காலத்தில் சத்திரசிகிச்சைக்கு முன்பே இவற்றைக் கொடுப்பது நாகரிகமாக இருந்தது. 2020இல் 281 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, நோயாளி உணரக்கூடிய அளவுக்கு நோ குறையவில்லை என்று தெரிந்தது. தலைச்சுற்றும் பார்வைக் குழப்பமும் கூடின. மோர்பினோடு சேரும்போது மூச்சை மந்தமாக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019 டிசெம்பரில் எச்சரித்தது. முதியவர்களுக்கு வழமையாகக் கொடுக்கக் காரணம் இப்போது இல்லை. பிரெகபலினுக்கு எங்கள் மண்ணில் இன்னொரு முகமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் போதை மாத்திரை என்று பொலிசார் கைப்பற்றும் பொருட்களில் அடிக்கடி அடிபடும் பெயர் அது. அபின் குடும்பத்தைச் சேராத மருந்து என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. வீட்டில் மிஞ்சியிருந்தால் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

மரக்கும் மருந்தைக் கொழுப்புக் குமிழிகளில் அடைத்து நாட்கணக்கில் கசியவிடும் விலையுயர்ந்த ஊசியும் பெரும் எதிர்பார்ப்போடு வந்தது. பிரித்தானியாவில் முழங்கால் மாற்றிய 533 பேரில் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணப் பியூபிவக்கேனைவிட அது எந்த மேலான பலனையும் தரவில்லை. வறிய நாடு என்பதால் நல்ல மருந்து எங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று இந்த விடயத்தில் கவலைப்படத் தேவையில்லை.

2025 ஜனவரி 30ஆம் திகதி அமெரிக்காவில் சுசெற்றிஜின் என்ற புதுக் குளிசைக்கு அனுமதி கிடைத்தது. நோவைக் கடத்தும் நரம்புகளிலுள்ள ஒரு சோடியக் கதவை மட்டும் மூடும் இந்த மருந்து மூளையின் அபின் வாசல்களைத் தொடுவதில்லை. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வுகள் பாதப் பெருவிரல், வயிற்றுத்தோல் சத்திரசிகிச்சைகளில் நடந்தவை. அறிமுகமானபோது ஒரு குளிசையின் விலை 15.50 டொலராக இருந்தது. எங்கள் கைக்கு எட்ட நெடுங்காலம் செல்லும். இருப்பவற்றை ஒழுங்காகப் பாவிப்பதே இன்று எங்களுக்குரிய வழி.

மருந்தில்லாத துணைகள்

துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வரை வைத்தால் வீக்கத்தின் இறுக்கம் தணியும். இதற்கான ஆய்வுச் சான்று வலுவானதல்ல. ஆனால் செலவும் தீங்கும் மிகக் குறைவு. காயம் நனையாமலும் ஐஸ் நேரே தோலில் படாமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

பயிற்சியும் நோச் சிகிச்சையே. இயன்மருத்துவர் சொல்லித்தந்த மடக்கல், நீட்டல்களுக்கு அரை முதல் ஒரு மணித்தியாலம் முன்னதாகக் குளிசை போடும்படி நேரத்தை அமைத்துக்கொண்டால் பயிற்சி வேதனையாக இராது. காலை நீட்டி உயர்த்தி வைக்கலாம். ஆனால் இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்குக் கீழே மட்டும் தலையணை வைத்துப் படுக்கக்கூடாது. கால் மடிந்தபடியே இறுகிவிடும்.

சித்த வைத்தியம் எங்கள் வாழ்வோடு கலந்தது. கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவத்தைக் கற்பிக்கிறது. முறிவு நெரிவு வைத்தியத்தில் பரம்பரை அறிவு உண்டு. அந்த மதிப்போடே ஒன்றைச் சொல்ல வேண்டும்: புது மூட்டின் காயம் முழுமையாக ஆறும்வரை அதன்மேல் எண்ணெயோ பத்தோ போடக்கூடாது, உருவவும் கூடாது. கிருமி மூட்டுக்குள் இறங்கினால் பொருத்திய உலோகத்தையே கழற்ற நேரிடலாம். உள்ளே சாப்பிடும் எந்த மருந்தையும் சத்திரசிகிச்சை செய்தவரிடம் சொல்லிவிட்டே சாப்பிட வேண்டும்.

மூன்று மாதம் கழிந்தும் நோ போகாவிட்டால்

பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த கட்டுரை, முழங்கால் மாற்றியோரில் 10 முதல் 34 சதவீதம் வரையும் இடுப்பு மாற்றியோரில் 7 முதல் 23 சதவீதம் வரையும் நீண்ட காலத்தின் பின்னும் தொல்லை தரும் நோவோடு இருப்பதாகச் சொன்னது. சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நேர்மை. நோ நீண்டால் பாமசிக்குப் போய்க் குளிசையைப் பெருக்குவது தீர்வாகாது. கிருமித் தொற்றா, மூட்டுத் தளர்வா, நாரியிலிருந்து இறங்கும் நோவா, எரிவும் மின் அடிப்பதுமான நரம்பு நோவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. மனச்சோர்வும் நித்திரையின்மையும் நோவைப் பெருக்குபவை. போரில் பிள்ளைகளை இழந்து தனித்து வாழும் முதியோர் நிறைந்த ஊர்களில் இதையும் கேட்டறியாமல் நோவுக்குச் சிகிச்சை செய்ய முடியாது.

எங்களுக்குத் தேவையானது என்ன

மேலே சொன்ன மருந்துகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். பரசிற்றமோல், ஐபுப்ரூபன், ஒமெப்ரசோல், டெக்ஸமெதசோன், பியூபிவக்கேன். அத்தனையும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. குறைந்த விலையில் அத்தியாவசிய மருந்து எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே போராடி, 1971இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானார். அவருடைய கனவுக்குள் அடங்கும் மருந்துகளே இவை. 1990களின் பொருளாதாரத் தடையில் குடாநாடு மருந்துக்குத் தவித்ததையும், 2022இன் நெருக்கடியில் நாடே தவித்ததையும் கண்ட நாங்கள், இந்தச் சில மருந்துகள் ஒருநாளும் தட்டுப்படக்கூடாது என்று கேட்க உரிமையுள்ளவர்கள்.

மருந்து இருந்தும் நோகிறதென்றால், குறை அதைக் கொடுக்கும் ஒழுங்கிலும் விளக்கும் முறையிலும் இருக்கிறது. வீடு செல்லும் நோயாளியின் கையில் வைத்தியசாலை தருவது பெரும்பாலும் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிய துண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், தமிழில் படித்த வைத்தியர்களை உருவாக்கினார். அந்த மண்ணில், ஒரு முழங்கால் நோயாளிக்குக் குளிசை போடும் நேரத்தைத் தெளிந்த தமிழில் எழுதிக் கொடுப்பது முடியாத காரியமல்ல.

ஒரு பக்கத் தாள் போதும். ஒவ்வொரு மருந்தின் பெயரும் அளவும், போட வேண்டிய நேரங்களும், நிறுத்த வேண்டிய திகதியும் அதில் இருக்க வேண்டும். எதனோடு எதைச் சேர்க்கக்கூடாது என்பது இருக்க வேண்டும். மருந்தைக் குறைக்கும் வரிசையும் இருக்க வேண்டும்: ரமடோல் இருந்தால் முதலில் அது, பிறகு ஐபுப்ரூபன் வகை, கடைசியாகப் பரசிற்றமோல். உடனே வைத்தியசாலைக்கு வரவேண்டிய அறிகுறிகள் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்: கெண்டைக்கால் வீங்கி நோதல், மூச்சு முட்டு, நெஞ்சுநோ, காய்ச்சல், காயத்தில் நீரோ சீழோ வடிதல், மலம் கறுத்துப் போதல், சலம் குறைதல், குறைந்துவந்த நோ திடீரென ஏறுதல். மூச்சு முட்டுக்கும் நெஞ்சுநோவுக்கும் காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும்.

மோர்பின் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்விக்கு என் முடிவு இதுதான்: சிறுநீரகமும் இதயமும் இடம்கொடுக்கும் பெரும்பாலானவர்கள், முதல் ஓரிரு நாட்களைத் தவிர மிகுதித் தூரம் முழுவதையும் மலிவான இந்த மருந்துகளோடு போகலாம். அதற்கு நேரம் தவறாமை வேண்டும், பரிசோதனை வேண்டும், எழுதிய அறிவுரை வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது மூட்டு மாற்றத் திகதி வாங்கியிருந்தால், படுக்கை கிடைக்கும் நாள் வரை காத்திராதீர்கள். பாவிக்கும் குளிசை எல்லாவற்றையும், சித்த மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிறியற்றினின் எவ்வளவு என்று கேளுங்கள். வீடு திரும்பும் நாளில், நேரமும் நிறுத்தும் திகதியும் தமிழில் எழுதிய தாள் ஒன்றைக் கேட்டு வாங்காமல் விடுதியை விட்டு வெளிக்கிடாதீர்கள்.